40-க்கும் 45-க்கும் நடுவே

நவம்பர் மழை பிடித்துக்கொண்டால் கோத்தகிரியில் சாயங்காலம் ஐந்து மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று பேர் மூன்று பழைய லேப்டாப்களோடு உட்கார்ந்து வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருப்போம். பெரியப்பா மகன் டீ ஃபேக்டரி ஒன்றில் டீ மேக்கர். பக்கத்து வீட்டுத் தம்பி கோவையில் படிக்கிறான், சனி ஞாயிறானால் மலையேறி வந்துவிடுவான். அந்த அண்ணன் வேலை பார்க்கும் அதே ஃபேக்டரியில் நான் கணக்கு எழுதுகிறேன். பச்சை இலை விலையைப் பற்றிச் சண்டை போட்டு அலுத்துவிட்டது, அதனால் இப்போது சூப்பர் ஹீரோக்கள். 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற ஆன்லைன் விளையாட்டில் எந்தச் சக்தி உருப்படி, எது வெட்டி என்பதுதான் விவகாரம்.

இதை ஆடுகிறவர்கள் 20 வருடமாக இதே சண்டையைத்தான் போடுகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று புரிந்தது. சக்தியைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லோரும் சதவீதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவர் சொல்லும் 20 சதவீதமும் இன்னொருவர் சொல்லும் 20 சதவீதமும் ஒரே சரக்கு இல்லை. எதன் மேல் 20 என்று கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

விளையாட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிப்டிக் ஸ்டுடியோஸ் உருவாக்க, என்சிசாஃப்ட் 2004 ஏப்ரலில் வெளியிட்டது. அடுத்த வருடம் அக்டோபரில் வில்லன்களுக்கென்று 'சிட்டி ஆஃப் வில்லன்ஸ்' வந்தது. நடுவே மார்வெல் நிறுவனம் வழக்குப் போட்டது. ஆட்கள் தாங்களே வடிவமைக்கும் ஹீரோக்கள் மார்வெலின் ஹீரோக்களைப் போலவே இருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 2005 கடைசியில் சமரசமாகப் போனது. பிறகு 2012 நவம்பர் 30 அன்று சர்வர்களையே அணைத்துவிட்டார்கள். அதோடு முடிந்தது என்றுதான் ஊர் உலகம் நினைத்தது. ஆனால் ஒரு சிறு கூட்டம் ரகசியமாக ஒரு சர்வரை ஓட்டிக்கொண்டிருந்தது 2019 ஏப்ரலில் அம்பலமானது. நிரல் வெளியே வந்ததும் ரசிகர்கள் ஆளுக்கொரு சர்வர் தொடங்கினார்கள். அவற்றில் 'ஹோம்கமிங்' என்ற குழுவுக்கு என்சிசாஃப்ட் 2024 ஜனவரியில் முறையாக உரிமம் கொடுத்தது. காசு கிடையாது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். எங்களுக்கு அது போதும்.

எங்களுக்குப் பக்கத்தில் சர்வர் எதுவும் இல்லை. ஒன்று ஐரோப்பாவில், மற்றவை வட அமெரிக்காவில். மழை நாளில் இணையம் இழுக்கிற இழுப்புக்கு, துப்பாக்கியைக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டு எதையும் இங்கிருந்து ஆட முடியாது. இது வேறு வகை. எதிரியைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் அடி விழுந்ததா தப்பியதா என்று சர்வர் பகடை உருட்டிச் சொல்லிவிடும். கை வேகத்துக்கு அதில் பெரிய பங்கில்லை, கால் நொடி தாமதமானாலும் குடி முழுகிவிடாது. ஆக, எல்லாமே பகடைக்குள் இருக்கிறது.

பகடையின் விதி இப்படி. நம் லெவலிலேயே இருக்கும் எதிரியை நாம் அடித்தால் 100-க்கு 75 அடி படும். அதே எதிரி நம்மை அடித்தால் 100-க்கு 50 படும். நம்மிடம் டிஃபென்ஸ், அதாவது அடியை விலக்கும் திறன், இருந்தால் அந்த 50-இலிருந்து நேராகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எவ்வளவு கழித்தாலும் 5-க்குக் கீழே போகாது, யாருக்கும் 95-க்கு மேலேயும் ஏறாது.

இந்த 5-இல் தொடங்கியதுதான் போன வாரச் சண்டை. தம்பி ஆடுவது ஸ்கிராப்பர். கைகலப்புக்காரன், கவசம் கிடையாது, அடி வரும்போது விலகிக்கொள்வதுதான் அவன் பிழைப்பு. டிஃபென்ஸ் 40-இல் நின்றது. அதை 45 ஆக்குவதற்காக ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கையிலிருந்த விளையாட்டுப் பணத்தை முழுக்கக் கரைத்துவிட்டான்.

"அஞ்சு பர்சன்ட்டுக்கு இவ்வளவு செலவாடா? நாப்பது இருக்கில்ல, போதும்" என்றார் அண்ணன்.

"அண்ணா, அது அஞ்சு இல்ல, பாதி" என்றான் தம்பி.

இரண்டு பேரும் ஒரே எண்ணைத்தான் சொன்னார்கள், ஆனால் தம்பி சொன்னது சரி. டிஃபென்ஸே இல்லாதவன் 5 வாங்கினால் அவன் மேல் விழும் அடி 50-இலிருந்து 45 ஆகும். பத்தில் ஒன்று குறைந்தது. 40 வைத்திருப்பவன் மேல் விழுவது 10. அவன் இன்னொரு 5 வாங்கினால் 10 என்பது 5 ஆகிவிடும். சரிபாதி. எங்கள் ஓட்டு வீட்டில் மழைக்காலம் கழித்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கூரையில் பத்து இடத்தில் ஒழுகும்போது ஒன்றை அடைத்தால் யாருக்கும் தெரியாது. இரண்டே இடம் மிச்சமிருக்கும்போது ஒன்றை அடைத்தால், கீழே வைத்திருக்கும் பாத்திரத்தில் ஒன்றை எடுத்துச் சமைக்கப் போகலாம். டிஃபென்ஸில் பார்க்க வேண்டியது நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை இல்லை, எதிரிக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறோம் என்பதைத்தான்.

45-ஐ இந்த ஆட்டத்தில் 'சாஃப்ட் கேப்' என்பார்கள். அதற்கு மேல் வாங்கினால் வீண் என்று புதிதாக வருகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். பாதி உண்மைதான். அந்த 5 சதவீதத் தரைக்குப் பிறகு எதிரியின் குறித்திறன் என்று ஒரு பெருக்கல் இருக்கிறது. பெரிய வில்லனுக்கு அது ஒன்றரை மடங்கு, அப்போது 5 என்பது 7.5 ஆகிவிடும். அதை எவ்வளவு டிஃபென்ஸ் வாங்கியும் குறைக்க முடியாது. கடைசிக் கட்டத்தில் வரும் இன்கார்னேட் ட்ரையல்களில் எதிரிகளின் அடிப்படையே 50 இல்லை, 64. அங்கே தரையைத் தொட 59 டிஃபென்ஸ் வேண்டும். 45-ஐ வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு அங்கே போனவர்கள் தரையில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தி நான்.

இன்னொரு வினையும் உண்டு. சில எதிரிகளின் அடி பட்டால் நம் டிஃபென்ஸே கொஞ்சம் குறையும். சைமரோரா என்ற பகுதியில் வாளோடு வரும் ரோமானியச் சிப்பாய்கள் இதற்குப் பேர்போனவர்கள். முதல் அடி விழும்வரை நீங்கள் ராஜா. ஒன்று பட்டதும் 45 குறைகிறது, அதனால் அடுத்த அடி படும் வாய்ப்பு கூடுகிறது, அதுவும் பட்டால் இன்னும் குறைகிறது. மலைப்பாதைத் தடுப்புச் சுவரில் ஒரு கல் பெயர்ந்த கதை. முதல் கல் பெயர நாளாகும், மற்றவை பெயர நேரமே ஆகாது. கடைசி 5-க்கு மதிப்பு அதிகம் என்ற அதே கணக்கு இப்போது தலைகீழாக ஓடுகிறது. 45-இலிருந்து 40-க்கு இறங்கினாலே விழும் அடி இரட்டிப்பு. தம்பி எடுத்திருக்கும் 'சூப்பர் ரிஃப்ளெக்ஸஸ்' என்ற சக்தித் தொகுப்பில் இந்தக் குறைப்பைத் தாங்கும் தன்மை சேர்ந்தே வருகிறது. பட்டியலில் கண்ணில் படாத மூலையில் இருக்கும் அந்த வரிக்காகத்தான் பழைய ஆட்டக்காரர்கள் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பட்ட அடியின் வலியைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸுக்கும் இதே கணக்குதான். பெரும்பாலான ஹீரோக்களுக்கு உச்சவரம்பு 75, அடி தாங்குவதற்கென்றே இருக்கும் டேங்கர், ப்ரூட் வகைகளுக்கு 90. பதினைந்துதானே வித்தியாசம் என்று தோன்றும். 100 வலியில் ஒருவருக்கு 25 விழுகிறது, மற்றவருக்கு 10. இரண்டரை மடங்கு. டிஃபென்ஸையும் ரெசிஸ்டன்ஸையும் சேர்த்தால் இன்னும் வேடிக்கை. ஒவ்வொன்றும் 100 வலிக்கும் 100 அடிகள் வருவதாக வையுங்கள். எதுவும் இல்லாதவனுக்கு 50 அடி பட்டு 5,000 இழப்பு. 45 டிஃபென்ஸ் இருந்தால் 5 அடி, 500. அதோடு 90 ரெசிஸ்டன்ஸும் இருந்தால் 50. நூறில் ஒரு பங்கு. டேங்கர் சாகவே மாட்டேன் என்கிறான் என்று புலம்புகிறவர்கள் இந்த வரியை ஒருமுறை பார்க்கலாம்.

அண்ணன் ஆடுவது பிளாஸ்டர். தூரத்தில் நின்று சக்திக் கதிர்களை வீசுகிறவர். அவருக்குத் தற்காப்பில் அக்கறை இல்லை, அடியில்தான் அக்கறை. அங்கே சதவீதம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

ஒவ்வொரு சக்திக்கும் அதிகபட்சம் 6 ஸ்லாட். அதில் என்ஹான்ஸ்மென்ட் என்ற சிறு வலுவூட்டிகளைப் பொருத்தலாம், நல்ல ரகம் ஒன்று அடியை 33 சதவீதம் கூட்டும். ஆரம்ப காலத்தில் ஆறையும் அடிக்கே போடுவார்கள், 200 சதவீதம் கூடி அடி மூன்று மடங்காகும். வேறு எதையும் யோசிக்கவே தேவையில்லை. 2005 கடைசியில் 'என்ஹான்ஸ்மென்ட் டைவர்சிஃபிகேஷன்' என்று ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். 70 சதவீதம் வரை முழுசாகக் கிடைக்கும், 70-இலிருந்து 90 வரை பத்தில் ஒன்பது பங்கு, 90-இலிருந்து 100 வரை பத்தில் ஏழு, அதற்கு மேல் போடுவதில் 100-க்கு வெறும் 15 பங்குதான் ஒட்டும். கணக்குப் போட்டால் மூன்று ஸ்லாட்டுக்கு சுமார் 95 கிடைக்கும். ஆறு போட்டாலும் 110-தான். மிச்ச மூன்று ஸ்லாட்டும் 15-க்காக. தேயிலைச் செடிக்கு அளவுக்கு மேல் யூரியா போட்டவர்கள் தலையாட்டுவார்கள்.

அன்றைக்கு ஆட்டக்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஒன்றரை வருடமாக வளர்த்த ஹீரோ ஒரே ராத்திரியில் நோஞ்சானாகிவிட்டான் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் என் கணக்கில் அந்த மாற்றம்தான் இந்த விளையாட்டைப் பேச வைத்தது. ஆறு ஸ்லாட்டும் அடிக்கே என்றால் விவாதிக்க என்ன இருக்கிறது? மூன்று மிச்சமான பிறகுதான் ஒன்றைக் குறிக்கு வைப்பதா, சக்தி திரும்பத் தயாராகும் ரீசார்ஜுக்கு வைப்பதா, மூச்சு வாங்காமல் இருக்க வைப்பதா என்ற கேள்வியே வந்தது. ஆட்டக்காரர்களே 'மிட்ஸ் ஹீரோ டிசைனர்' என்று ஒரு திட்டமிடும் மென்பொருளை எழுதி வைத்திருக்கிறார்கள். தம்பி விளையாடும் நேரத்தைவிட அதில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம். அதுவும் விளையாட்டுதானே.

சரி, அண்ணனின் 95 சதவீதத்துக்கு வருவோம். அடிப்படை அடி 100 என்றால் இப்போது 195. டீமில் ஒருவர் "உங்க அடியை 20 பர்சன்ட் கூட்டறேன்" என்று பஃப் என்ற தற்காலிக உதவி ஒன்றைப் போடுகிறார். 195-க்கு 20 சதவீதம் என்றால் 39, ஆக 234 வர வேண்டும் என்று அண்ணன் எதிர்பார்த்தார். வந்தது 215. ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரே கூச்சல். எங்கள் அத்தை அரசுப் பள்ளி ஆசிரியை. அவரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். அகவிலைப்படி உயர்ந்தால் அது அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான், கையில் வாங்கும் மொத்தத்தின் மேல் இல்லை. அடியைக் கூட்டும் எல்லாமே இங்கே அடிப்படை 100-இன் மேல்தான் ஏறும். ஏற்கெனவே நிறைய வைத்திருப்பவனுக்குப் புதிய 20 என்பது உண்மையில் பத்துச் சொச்சம்.

அதே நேரத்தில் நான் என்ன செய்தேன் என்றால், எதிரியின் ரெசிஸ்டன்ஸில் 20-ஐக் குறைத்தேன். நான் ஆடுவது கன்ட்ரோலர், அதில் அதற்கென்று ஒரு சக்தி இருக்கிறது. எதிரிக்கு ஏற்கெனவே ரெசிஸ்டன்ஸ் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், அது கழித்தல் 20 ஆகிவிடும். இப்போது அண்ணனின் 195 முழுசும் 1.2-ஆல் பெருகி 234 ஆகும். அவர் கேட்ட அதே 234. ஃபேக்டரியில் ஈர இலைக்குக் கழிவு பிடிப்போம் அல்லவா? மொத்த எடையையும் போட்ட பிறகு கடைசியில்தான் அந்தச் சதவீதம் விழும். ரெசிஸ்டன்ஸும் அப்படித்தான், எல்லாம் கூட்டி முடித்த தொகையின் மேல் விழுகிறது. டீமில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேரின் அடிக்கும் சேர்த்து. காகிதத்தில் இரண்டும் 20-தான். அண்ணனுக்கு நான் இதை விளக்கியபோது, "நீ கணக்கப்பிள்ளை மாதிரியே பேசறம்மா" என்றார். தோட்டத்தில் இலை நிறுக்கிறவரை அப்படித்தான் சொல்வோம், அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

ரீசார்ஜ் விஷயத்தில் மட்டும் எதிரெதிராகப் பேசும் இரண்டு பேருமே சரியாக இருக்க முடியும். ஒரு சக்தியைப் பயன்படுத்தினால் அது திரும்பத் தயாராக 60 நொடி ஆகும் என்று வையுங்கள். ரீசார்ஜ் வேகத்தை 100 சதவீதம் கூட்டினால் 30 நொடி. இன்னொரு 100 போட்டால் 20, இன்னொரு 100-க்கு 15. முதல் நூறு 30 நொடியை மிச்சம் பிடித்தது, மூன்றாவது நூறு 5-தான் பிடித்தது, போகப் போக வீண் என்பார் அண்ணன். தம்பி ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை என்று எண்ணுவான். 60, 120, 180, 240. ஒவ்வொரு நூறுக்கும் அதே 60 கூடிக்கொண்டே போகிறது, எங்கே வீண்? அண்ணனுக்கு அவசரத்துக்கு ஒரு தடவை வேண்டிய சக்தி, தம்பிக்கு ஓயாமல் அடிக்க வேண்டிய சக்தி. கடிகாரத்தைப் பார்ப்பவருக்கு ஒரு விடை, எண்ணிக்கை பார்ப்பவருக்கு இன்னொரு விடை.

இதில் 'ஹேஸ்டன்' என்ற சக்தியைச் சொல்லாமல் விட முடியாது. போட்டால் 120 நொடிக்கு எல்லாச் சக்திகளின் ரீசார்ஜும் 70 சதவீதம் கூடும். ஆனால் அது திரும்பத் தயாராக 450 நொடி. அணையாமல் தொடர்ந்து எரிய வைக்க வேண்டும் என்றால் 450 என்பது 120 ஆக வேண்டும், அதற்கு மொத்தம் 275 சதவீதம் கூட்டல் தேவை. ஹேஸ்டன் தனக்குத் தானே 70 கொடுத்துக்கொள்ளும், அதற்குள் வைக்கும் என்ஹான்ஸ்மென்ட் 95. மிச்சம் 110-ஐ வெளியே தேட வேண்டும். 'லக் ஆஃப் த கேம்ப்ளர்' என்ற என்ஹான்ஸ்மென்ட் ஒன்று 7.5 தரும், ஐந்து வரை வைக்கலாம், ஆறாவது ஏறாது. ஆக 37.5. மீதிக்கு இன்னும் அலைய வேண்டும். இந்த அலைச்சலை ஒரு வாழ்க்கை இலட்சியமாகவே வைத்திருக்கிறவர்கள் உண்டு.

என் கன்ட்ரோலருக்கு இந்தச் சதவீதமெல்லாம் இரண்டாம்பட்சம். எதிரியை அசையாமல் நிறுத்துவதுதான் அவள் வேலை, அங்கே கணக்கு படிக்கட்டு போல. அப்படி நிறுத்தும் சக்திக்கு ஹோல்ட் என்று பெயர், என் ஹோல்டின் பலம் 3. சாதாரண எதிரிக்குத் தாங்கும் பலம் 1, அவனுக்கு மேலே உள்ள லெஃப்டினன்ட்டுக்கு 2, பாஸுக்கு 3. தாங்கும் பலத்தை நம் பலம் தாண்ட வேண்டும், சமமாக இருந்தால் ஒன்றுமே நடக்காது. மூன்றை வைத்து மூன்றைத் தள்ள முடியாது. பாஸ் பாட்டுக்கு நின்று அடித்துக்கொண்டிருப்பான், பார்க்கிறவர்கள் கன்ட்ரோலர் தண்டம் என்பார்கள்.

மழையில் தோட்டத்துச் சேற்றில் ஜீப் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஆள் தள்ளினால் பாதி தூரம் நகராது, நகரவே நகராது. அவன் ஓய்ந்த பிறகு இன்னொருவன் வந்து தள்ளினாலும் அதே கதை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முதுகு கொடுத்தால்தான் சக்கரம் மேடேறும். என் முதல் ஹோல்டின் நேரம் முடிவதற்குள் இரண்டாவதைப் போட்டால் 3-உம் 3-உம் சேர்ந்து 6, பாஸ் சிலையாகிவிடுவான். அதனால் எனக்கு ரீசார்ஜ் என்பது எண்ணிக்கைக்காக இல்லை, முதலாவது தீர்வதற்குள் இரண்டாவது வந்து சேர்வதற்காக. அது வரை போட்ட ரீசார்ஜ் எல்லாம் கண்ணுக்குப் பலன் தராது, அந்தக் கோட்டைத் தாண்டியதும் எல்லாம் தரும். சில தடவை கன்ட்ரோலருக்கு அதிர்ஷ்டத்தில் ஒரு பலம் கூடுதலாகச் சேர்ந்து பாஸ் ஒரே போடில் நிற்பதும் உண்டு. பெரிய வில்லன்கள் மட்டும் வேறு. அவர்களைச் சுற்றி ஊதா நிற முக்கோணங்கள் மிதக்கும்போது எந்த ஹோல்டும் பெரும்பாலும் எடுபடாது, அவை மறையும் இடைவெளிக்காகக் காத்திருக்க வேண்டும்.

கணக்கில் சிக்காத ஒரு சண்டை எங்களுக்குள் மிச்சமிருக்கிறது. அண்ணன் எடுத்திருப்பது 'எனர்ஜி பிளாஸ்ட்'. அதன் அடி பட்ட எதிரி பல நேரம் பின்னால் தூக்கி எறியப்படுவான். தனியாக ஆடும்போது நல்ல தற்காப்புதான், எறியப்பட்டவன் எழுந்து வரும்வரை அடிக்க மாட்டான். டீமில் ஆடும்போதுதான் வம்பு. தம்பி நாலு பக்கமும் ஓடி எதிரிகளை ஒரு மூலைக்கு இழுத்து வருவான். வட்டமாக விழும் பெரும்பாலான சக்திகள் ஒரே நேரத்தில் 16 பேர் வரை அடிக்கும், அதனால் கூட்டமாக நின்றால்தான் லாபம். சரியாக அந்த நேரம் பார்த்து அண்ணன் ஒன்று விடுவார். பர்லியாறில் பலாப்பழத்துக்குக் கூடிய குரங்குக் கூட்டத்தில் கல்லை விட்டெறிந்த மாதிரி, ஒன்று கூரையில், ஒன்று மரத்தில், ஒன்று பஸ் மேல்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. தூக்கி எறிவதை நின்ற இடத்திலேயே விழ வைப்பதாக மாற்றும் என்ஹான்ஸ்மென்ட் ஒன்று உண்டு. சக்திக்கு ஒரே ஒரு ஸ்லாட் போதும், அடி துளியும் குறையாது. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் பணத்தில் ஒன்றை வாங்கி அண்ணனுக்கு அனுப்பியே விட்டான்.

"அண்ணா, இதைப் போட்டுக்கங்க. எனக்காக."

அண்ணன் அதைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அன்று ராத்திரி ஒன்பதரைக்கு, ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், ஓரமாக நின்ற ஒருவனைப் பார்த்து அடித்தார். அவன் சுழன்று சுழன்று கீழே போவதை லேப்டாப்பைத் திருப்பி எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினார். அந்த என்ஹான்ஸ்மென்ட் இன்னும் பையில்தான் இருக்கிறது.